அடைக்கலம் காக்கும் பெண்: தோட்டப் பட்டணத்தில் ஒரு குண்டர் குறும்படம் எழுதி எடுப்பது எப்படி

1980ஆம் ஆண்டு வெளிவந்த ‘குளோரியா’ என்னும் அமெரிக்கப் படத்தில், நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியிலுள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், நடுவயதுப் பெண் ஒருத்தி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் காப்பித்தூள் இரவல் கேட்கிறாள். அந்த வீட்டுக்காரர் குண்டர் கும்பலுக்குக் கணக்கு எழுதியவர். அரசாங்கத்திடம் தகவல் சொல்லிவிட்டார் என்று தெரிந்து, அவரைக் குடும்பத்தோடு தீர்த்துக்கட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். பிள்ளைகளையாவது அழைத்துக்கொண்டு போய்விடு என்று வீட்டுக்காரி கெஞ்சுகிறாள். பிள்ளைகளையே பிடிக்காது என்று சொல்லும் அந்தப் பெண், கடைசியில் ஆறு வயதுப் பையன் ஒருவனைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறாள். பையனிடம் அப்பாவின் கணக்குப் புத்தகம் இருக்கிறது. அதற்குப் பிறகு நடப்பவை அனைத்தும் இந்த ஒரு வாசற்படியிலிருந்து பிறக்கின்றன.

ஜான் கசவெடிஸ் எழுதி இயக்கிய அந்தப் படத்தில் அவருடைய மனைவி ஜீனா ரோலண்ட்ஸ் நடித்தார். அந்த நடிப்புக்காக ஆஸ்கார் விருதுக்கு அவர் பரிந்துரைக்கப்பட்டார். வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கம் விருதும் இன்னொரு படத்தோடு பகிர்ந்து இதற்குக் கிடைத்தது. 1999இல் சிட்னி லூமெட் இதே கதையை ஷாரன் ஸ்டோனை வைத்து மீண்டும் எடுத்தார். கதையின் எலும்பு அவ்வளவு வலுவானது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் குறும்படம் பழக வரும் இளையவர்களோடு நான் உட்காரும்போதெல்லாம், அந்தப் படத்தைப் பார்த்தே இராத ஒருவராவது இதே எலும்பைத் தம் சொந்தக் கற்பனையாகக் கொண்டுவருகிறார். கும்பல், ஒரு துணிந்த பெண், அவள் பின்னால் ஒரு பிள்ளை. அப்படிப்பட்ட கதையை நம் ஊரில், நம் மொழியில், கைப்பேசிக் கேமராவும் நான்கைந்து நண்பர்களும் மட்டுமே இருக்கும் நிலையில் எப்படி எழுதி எடுப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் செய்த தவறுகளையும் மறைக்காமல் சேர்த்திருக்கிறேன், ஏனென்றால் அவற்றில் ஒன்று இன்னும் என்னை உறுத்துகிறது.

முதலில் உறவைத் தீர்மானியுங்கள்

இளையவர்கள் கொண்டுவரும் முதல் வரைவில் அந்தப் பெண் ஏறக்குறைய எப்போதும் ஒரு தாயாக மாறிவிடுகிறாள். பையன் அவள் தொலைத்த மகன் என்று கடைசியில் தெரியவரும். அல்லது அவளுக்கு இறந்துபோன ஒரு பிள்ளை இருந்திருக்கும், இவன் அவன் சாயலில் இருப்பான். இதை எழுதும்போது மனம் கனக்கும் என்பது உண்மை. ஆனால் கதை அங்கேயே தளர்ந்துவிடுகிறது. பெற்றவள் காப்பாள் என்பது ஊர் அறிந்தது. அதைப் பார்க்க ஒருவர் அரை மணி நேரம் உட்கார வேண்டியதில்லை. எந்தக் கடனும் இல்லாத ஒருத்தி, காப்பதால் தனக்கு இழப்பு மட்டுமே வரும் என்று தெரிந்த ஒருத்தி, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கையை விடாமல் இருப்பதுதான் பார்ப்பவரைக் கட்டிப்போடுகிறது.

இதற்குத் தமிழில் ஒரு பழைய சொல் இருக்கிறது: அடைக்கலம். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர்குலப் பெண்ணிடம் ஒப்படைக்கும் பகுதிக்கு அடைக்கலக் காதை என்றே பெயர். மாதரிக்குக் கண்ணகி மகளும் அல்லள், மருமகளும் அல்லள்; ஒருவர் நம்பிக் கொடுத்த பொருள், அவ்வளவுதான். அந்தப் பொருளைக் காக்க முடியாமற்போனதற்காகப் பின்னால் அவள் தீயில் விழுந்து உயிர் விடுகிறாள். பாசம் என்ற சொல்லை எடுத்துவிட்டு அடைக்கலம் என்ற சொல்லை வைத்து உங்கள் கதையை ஒருமுறை திரும்ப எழுதிப் பாருங்கள். பெண்ணின் பேச்சு குறையும், செயல் கூடும். அவள் பையனைக் கொஞ்ச வேண்டியதில்லை. அவனுக்குச் சோறு போட வேண்டும், அவனை ஒளிக்க வேண்டும், மீதிப் பணத்தை எண்ண வேண்டும்.

எடுத்துக்காட்டுக்காக அவளுக்குப் பேபி என்று பெயர் வைத்துக்கொள்வோம். வயது 50. ஜீனா ரோலண்ட்ஸ் 1930இல் பிறந்தவர். படம் வெளிவந்தபோது அவருக்கும் அந்த வயதுதான். இளம் நடிகையைத் தேடாதீர்கள். பேபி ஒரு காலத்தில் கும்பலின் தலைவனோடு வாழ்ந்தவள், அது ஊருக்கே தெரியும், அவள் முன்னால் யாரும் சொல்வதில்லை. இப்போது ஒட்டுப்பால், அதாவது உறைந்துபோன ரப்பர்ப் பால், வாங்கும் கொட்டகையில் எடை போடுகிறாள். ஒட்டுப்பாலின் நாற்றம் தெரிந்தவர்களுக்கு நான் எதற்காக இந்த வேலையைத் தேர்ந்தேன் என்று புரியும்: அந்தக் கொட்டகைக்குள் யாரும் தேவைக்கு மேல் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. பிள்ளையை மறைக்க அதைவிட நல்ல இடம் ஏது? துணிவு என்பது அடிக்கத் தெரிந்திருப்பது என்று எழுதாதீர்கள். அவளுக்கு அந்த உலகம் தெரியும்; எவன் கடனில் இருக்கிறான், எவன் குடித்தால் உளறுவான், எந்த வீட்டுக்குப் பின்வாசல் உண்டு என்பதெல்லாம் தெரியும். அந்த அறிவுதான் அவளுடைய ஆயுதம்.

பையன் அவளை எப்படி அழைப்பான் என்பதையும் முதல் பக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். அத்தை என்றால் உறவு வந்துவிடும். ஆண்ட்டி என்றால் பக்கத்து வீட்டுக்காரி, அதற்கு மேல் ஒன்றுமில்லை, அதுவே சரி. அவள் அவனை டேய் என்றுதான் கூப்பிடுவாள், பெயர் சொல்லிக் கூப்பிடுவதைக் கதையின் இறுதிக்கு ஒத்திவையுங்கள். கடைசிக் காட்சியில் அவன் அம்மா என்று அழைத்துவிட்டால் கைதட்டல் கிடைக்கலாம். அதுவரை சேர்த்த எல்லாவற்றையும் அந்த ஒரு சொல் செலவழித்துவிடும் என்பதால், அதைத் தொடவே வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்லி வருகிறேன்.

காலமும் பொருளும்

கதையை இன்றைய நாளில் வைத்தால் கைப்பேசி எல்லா முடிச்சையும் அவிழ்த்துவிடும். 1990களில் வைப்பது நல்லது என்பது என் கருத்து. அதற்கு வேறு காரணமும் உண்டு. தோட்டங்கள் விற்கப்பட்டு, ரப்பர் அழிந்து செம்பனையோ வீடமைப்புத் திட்டமோ வந்து, லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளில் தலைமுறையாக இருந்த குடும்பங்கள் பட்டணத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட காலம் அது. ஏற்கெனவே 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதுதான், தொழிலாளர் தாங்களே நிலம் வாங்கட்டும் என்று அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் நம் ஊர்க்காரர். அந்த வரலாறு இங்குள்ள பெரியவர்களின் வாயில் இன்னும் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். தோட்டம் போனதும் கூடவே திடலும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையும் கோயில் திருவிழாவும் போயின. பையன்களைத் தன் பக்கம் இழுக்கக் கும்பலுக்கு இடம் கிடைத்தது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ இந்தக் காலத்தையும் இந்த இழப்பையும் ஒரு பையனின் கண் வழியாகச் சொல்லி, 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. அதைப் போல எடுக்க வேண்டாம். ஆனால் வேலையைத் தொடங்கும் முன் குழுவோடு சேர்ந்து அதைப் பாருங்கள்.

பழைய காலத்தைக் காட்டப் பெரிய பணம் தேவையில்லை. சரியான இரண்டு மூன்று பொருள்கள் போதும். கணக்குப் புத்தகத்துக்கு நம் ஊரில் கைவசம் இருப்பது 555 நோட்டு. மளிகைக் கடையில் கடன் எழுதும் அந்தச் சட்டைப் பை அளவுள்ள குட்டி நோட்டைக் காட்டினால், விளக்கம் ஒன்றும் இல்லாமலே பார்ப்பவர் கதைக்குள் வந்துவிடுவார். பையனின் அப்பா வட்டிக்கு விடும் கும்பலுக்குக் கணக்கு எழுதினார், பெயர்களும் தொகைகளும் அந்த நோட்டில் இருக்கின்றன. இவ்வளவு போதும்.

இரண்டாவது பொருள் பள்ளிச் சப்பாத்து. இப்போது பிள்ளைகள் கறுப்புச் சப்பாத்து போடுகிறார்கள்; அந்த மாற்றம் 2019இல் தொடங்கிப் படிப்படியாக வந்தது. 90களில் வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்துதான், ஞாயிற்றுக்கிழமையில் கழுவிக் காயவைத்து வெள்ளை அடிக்க வேண்டும். உங்கள் படத்தில் பையன் கறுப்புச் சப்பாத்தோடு ஓடினால், ஊரில் 40 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

மூன்றாவதாக, விடியல். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி முதல் நாள் அரை மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டது. அதனால் இங்கே சூரியன் ஏழு மணியளவில்தான் எழுகிறது. பால்மரம் சீவப் போகிறவர்களும் பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகளும் இருட்டிலேயே வெளியே இருப்பார்கள். ஓடி ஒளிகிற இருவருக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் இல்லை: முகம் தெரியாத இருட்டில், சீருடை அணிந்த பல பிள்ளைகளுக்கு நடுவே இவனும் ஒருவனாக நிற்கலாம். அந்தப் பேருந்து நிறுத்தக் காட்சியை எழுதாமல் விடாதீர்கள்.

கும்பலைக் காட்டும் முறை

உள்துறை அமைச்சு 2013ஆம் ஆண்டு 49 குண்டர் கும்பல்களின் பெயர்ப் பட்டியலைச் சட்டவிரோதமானவை என்று அறிவித்தது. அவற்றின் எண்களையோ சின்னங்களையோ உங்கள் படத்தில் பயன்படுத்தாதீர்கள். சட்டச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த எண்ணைச் சட்டையில் பார்க்கும் பதின்மூன்று வயதுப் பையனுக்கு அது அழகாகத் தெரியும், அதுதான் எனக்குக் கவலை. பெயரே வேண்டாம். ஊரில் யாரும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை, அவனுங்க என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லில் இருக்கும் அச்சம் எந்த எண்ணிலும் இல்லை.

துப்பாக்கியும் வேண்டாம். ‘குளோரியா’வில் அந்தப் பெண் நடுத்தெருவில் துப்பாக்கியை எடுத்துக் கும்பலின் காரை நோக்கிச் சுடுகிறாள். அது நியூயார்க்கின் கதைக்குப் பொருந்துகிறது. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி போலித் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றமாகலாம். பாராங் கத்தியைப் பொது இடத்தில் எடுத்துச் செல்வதை 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. எங்கள் முதல் படத்துக்கு ஒட்டுப்பலகையில் வெட்டி வெள்ளிச் சாயம் அடித்த பாராங் ஒன்றைச் செய்தோம். லயத்துக்குப் பின்னால் மாலையில் அதை ஓங்கிப் பிடித்து நான்கு பேர் ஓடியபோது, எதிர்வீட்டுப் பாட்டி உண்மைச் சண்டை என்று பயந்து மயங்கி விழுந்துவிட்டார். மோட்டார் சைக்கிளில் போன யாரோ காவல் துறைக்கு அழைத்துவிட்டார்கள். வந்த அதிகாரி பொறுமையாகப் பேசினார். தவறு முழுவதும் எங்களுடையது. அந்தப் பாட்டியின் கை நடுங்கியதைப் பார்த்த பிறகு, எங்கள் படங்களிலிருந்து ஆயுதத்தை நீக்கியே விட்டோம்.

நீக்கிய பிறகுதான் ஒன்றைக் கற்றுக்கொண்டோம்: அச்சத்தைச் சுமக்க ஒலி ஒன்றே போதும். 90களில் வளர்ந்தவர்களுக்கு ஆர்எக்ஸ்இசட் மோட்டார் சைக்கிளின் சத்தம் தெரியும், இரண்டு வீச்சு எஞ்சின் கூர்மையாக அலறும். தோட்டத்துக்காரர்களின் இஎக்ஸ்5 மோட்டார் தடதடவென்று அடக்கமாக வரும். கும்பலுக்கு ஆர்எக்ஸ்இசட், மற்ற எல்லாருக்கும் இஎக்ஸ்5. முதல் பத்து நிமிடத்துக்குள் இந்த வேறுபாட்டைப் பார்ப்பவரின் காதுக்குப் பழக்கிவிட்டால், பிறகு கும்பலைத் திரையில் காட்டவே தேவையில்லை. ‘குளோரியா’விலும் பையனின் குடும்பம் அழிக்கப்படும்போது நாம் பையனோடு பக்கத்து வீட்டில்தான் இருக்கிறோம், காதுதான் நமக்குச் சொல்கிறது.

ஒரு காட்சியை எழுதிப் பார்ப்போம்

ஞாயிறு இரவு. ஒட்டுப்பால் கொட்டகையின் பின் அறை. மண்ணெண்ணெய் விளக்கு தரையில் இருக்கிறது, திரி இறக்கப்பட்டிருக்கிறது. பேபி சாக்கின் மேல் உட்கார்ந்து பையனின் சப்பாத்துக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருக்கிறாள். அவன் நாளைக்குப் பள்ளிக்குப் போகப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். பையன் கால்களைக் கட்டிக்கொண்டு சுவர் ஓரமாக இருக்கிறான். தொலைவில் ஒரு மோட்டார்.

“எது?”

“இஎக்ஸ்5.”

“சரியா கேளு.”

“இஎக்ஸ்5 தான் ஆண்ட்டி. அந்த மண்டோரு வீட்டு மோட்டாரு. செயின் லூசு.”

சத்தம் கடந்து போகிறது. அவள் இரண்டாவது சப்பாத்தை எடுக்கிறாள்.

“ஆண்ட்டி, நாறுது.”

“எனக்கும்தான் நாறுது. மூக்க மூடிக்க.”

“அப்பா வருவாரா?”

அவள் பதில் சொல்வதில்லை. சப்பாத்தின் நாக்கை வெளியே இழுத்து, மடிப்புக்குள் விரல் விட்டு வெள்ளையைத் தடவுகிறாள். பிறகு, தலையைத் தூக்காமல்:

“டேய். கால நீட்டு. காயற வரைக்கும் என் சிலிப்பர போட்டுக்க. வெறுங்காலோட இருக்காத, எப்ப ஓடணும்னு தெரியாது.”

பெரிய ரப்பர்ச் செருப்புக்குள் அவனுடைய சின்னக் கால்கள். அவள் வெறுங்காலோடு இருக்கிறாள்.

இந்தக் காட்சியில் பாசம் என்று ஒரு சொல் வரவில்லை. செருப்பு கை மாறுவதில் எல்லாம் இருக்கிறது. அப்பாவைப் பற்றிய கேள்விக்கு அவள் பொய்யாகவும் ஆறுதல் சொல்வதில்லை, உண்மையையும் போட்டு உடைப்பதில்லை. எடுக்கும்போது முகத்தைவிடக் கைகளுக்கே நெருக்கக் காட்சி வையுங்கள். பேபியாக நடிப்பவரைத் தேர்வு செய்யும்போதும் நான் முதலில் கைகளைத்தான் பார்க்கிறேன், எடைத் தராசில் சாக்கைத் தூக்கி வைத்த கை வேறு மாதிரி இருக்கும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அவள் கோபத்தோடு திரும்பும்போது காளியம்மன் சிலையைக் குறுக்கே வெட்டிக் காட்டும் ஆசை எல்லாருக்கும் வருகிறது. நம் தோட்டங்கள் பலவற்றிலும் காளியும் முனீஸ்வரரும் காவலுக்கு இருப்பதால் அது இயல்பான நினைப்புதான். ஆனால் அவளைத் தெய்வமாக்கிவிட்டால் அவளுக்கு அச்சம் இல்லாமல் போகிறது, அச்சமில்லாதவள் பிள்ளையைக் காப்பதில் வியப்பில்லை. அவள் பயந்தபடியே செய்கிறாள் என்பதைக் காட்டுங்கள்.

பிள்ளையோடு வேலை செய்வது

இந்த வழிகாட்டியில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் எடுத்த படத்தில் பையன் அழ வேண்டிய காட்சி ஒன்று இருந்தது. ஏழு வயது, சிரித்துக்கொண்டே இருந்தான். மாலை வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. நான் அவனிடம், அம்மா உன்னை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார் என்று பொய் சொன்னேன். அவன் அழுதான். காட்சி மிகவும் நன்றாக வந்தது, பார்த்தவர்கள் பாராட்டினார்கள். அதற்குப் பிறகு படப்பிடிப்பு முடியும்வரை அவன் அம்மாவின் சட்டையை விடவே இல்லை. பிள்ளையைக் காப்பதைப் பற்றிய படத்தை எடுப்பதற்காக ஒரு பிள்ளையைப் பயமுறுத்தினேன் என்பதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை. திரைக்குள் இருக்கும் பேபிக்கு உள்ள பொறுப்பு கேமராவுக்குப் பின்னால் நிற்பவருக்கும் உண்டு; அவனை அவன் பெற்றோர் நம்மிடம் அடைக்கலமாகத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

ஆகையால் பையனிடம் கதை முழுவதையும் முன்கூட்டியே, அவனுக்குப் புரியும் சொற்களில் சொல்லிவிடுங்கள். இந்தப் படத்தில் உன் அப்பா இறந்துவிடுகிறார், உண்மையில் உன் அப்பா வீட்டில் இருக்கிறார் என்று தெளிவாகச் சொல்லுங்கள். போலி இரத்தம் தேவைப்பட்டால், சிவப்புச் சாயமும் சர்க்கரைப் பாகும் கலந்து அதை அவன் கையாலேயே செய்யவிடுங்கள். தான் செய்ததைக் கண்டு பிள்ளை பயப்படாது. கும்பல்காரனாக நடிப்பவர் முதல் நாளே அவனோடு பந்து விளையாடட்டும். அழ வேண்டிய இடத்தில் அவன் அழ வேண்டியதில்லை: முதுகைக் காட்டி உட்காரச் சொல்லுங்கள், தோளை ஒருமுறை தூக்கி இறக்கச் சொல்லுங்கள், மீதியைப் பார்ப்பவரே நிரப்பிக்கொள்வார். அவனுக்கென்று ஒரு சொல்லைக் கொடுங்கள், போதும் என்று அவன் சொன்னால் யார் நடித்துக்கொண்டிருந்தாலும் கேமரா நிற்க வேண்டும். அவன் அதைச் சோதித்துப் பார்க்க முதல் நாள் பலமுறை சொல்வான். ஒவ்வொரு முறையும் நிறுத்துங்கள், அப்போதுதான் நம்புவான்.

நேரத்திலும் கண்டிப்பு வேண்டும். பிள்ளைகள், இளையோர் வேலை பற்றிய 1966ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரு பிள்ளையிடம் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்கிறது. கூலி இல்லாத நண்பர்கள் படம்தானே என்று நினைக்காமல் அதையே உங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இரவு எட்டு மணிக்கு மேல் பிள்ளையை வைத்து எடுப்பதே இல்லை. இரவுக் காட்சிகளை அறைக்குள் சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிப் பகலில் எடுக்கிறோம். பேருந்து நிறுத்தத்தின் விடியற்காலைக் காட்சியை மாலை மங்கும் நேரத்தில் எடுத்தோம், யாரும் வேறுபாடு கண்டதில்லை. பெற்றோரில் ஒருவர் எப்போதும் அவன் கண்ணில் படும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இடம், வெளிச்சம், அனுமதி

தோட்டத்துக்குள் எடுக்க நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். காவலாளிக்குத் தெரிந்தவர் என்பது அனுமதி ஆகாது. அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும் நாள், நேரம், இடம், ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து முன்பே கடிதம் கொடுங்கள். அக்கம் பக்கத்து வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். எங்களுக்கு நடந்தது உங்களுக்கு நடக்க வேண்டாம். படத்தைப் பொது மண்டபத்தில் திரையிடும் எண்ணம் இருந்தால் 2002ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும் என்பதால், எழுதும்போதே தணிக்கையை மனத்தில் வையுங்கள்; படத் தயாரிப்பு உரிமம் பற்றிய கேள்விகளை, தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸ் அலுவலகத்தில் நேரடியாகக் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

ரப்பர்த் தோட்டம் கிடைத்தால் ஆண்டின் முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கப் பாருங்கள். மரங்கள் இலை உதிர்க்கும் பருவம் அது. வெளிச்சம் தரைவரை இறங்கும், சருகு காலடியில் நொறுங்கும். ஓடுகிறவர்களைச் சருகே காட்டிக்கொடுக்கும். வளர்ந்த செம்பனைக் காடு நேர்மாறானது. ஒன்பது மீட்டர் இடைவெளியில் நட்டிருந்தாலும் மட்டைகள் மேலே கைகோத்துக்கொள்வதால் நண்பகலிலும் மங்கலாக இருக்கும், கைப்பேசிக் கேமரா அங்கே திணறும். வரிசையின் ஓரத்தில், மண் சாலையை ஒட்டி எடுங்கள். பிற்பகல் மழை தகரக் கூரையில் விழத் தொடங்கினால் பேச்சு ஒன்றும் பதிவாகாது. பேச்சுள்ள காட்சிகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். ஆனால் அந்த மழைச் சத்தத்தைத் தனியாகப் பத்து நிமிடம் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், ஆர்எக்ஸ்இசட் வருவதைக் கேட்க முடியாமல் இருவரும் தவிக்கும் ஒரு காட்சிக்கு அது உயிர் கொடுக்கும்.

முடிவும் திரையிடலும்

முடிவு எப்படி இருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், அது உங்கள் கதை. ஒரே ஒரு வேண்டுகோள்: கும்பலின் தலைவன் கெட்டவன் என்று அவள் மேடைப் பேச்சு பேசக் கூடாது. அவள் அவனிடம் நேரில் போனால் பேரம் பேசத்தான் போவாள். 555 நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பையனுக்கு என்ன விலை என்று கேட்பாள். அவள் தோற்றாலும் வென்றாலும் அந்த மேசையின் இருபுறமும் ஒரே உலகத்து ஆட்கள் உட்கார்ந்திருப்பது தெரிய வேண்டும்.

திரையிடும் நாளில் மண்டபத்தின் வாசலில் 15999 என்ற தாலியான் காசே அரசு உதவித் தொலைபேசி எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இப்படிப்பட்ட படம் முடிந்ததும் யாராவது ஒரு பெண்ணோ பிள்ளையோ உங்களிடம் தனியாக வந்து பேசத் தொடங்குவது நடக்கக் கூடியது. அறிவுரை சொல்லாமல் கேளுங்கள், அந்த எண்ணைக் காட்டுங்கள், ஆபத்து அப்போதே இருந்தால் 999ஐ அழைக்கத் துணை நில்லுங்கள்.

அதற்கெல்லாம் முன்பாக ஒரு காட்சி உண்டு. படம் தொகுத்து முடிந்ததும் முதலில் பையனையும் அவன் பெற்றோரையும் மட்டும் அழைத்து வீட்டில் போட்டுக் காட்டுங்கள். விளக்கை அணைக்காதீர்கள். அவன் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். இந்த இடம் வேண்டாம் என்று கேட்டால், அது படத்திலேயே மிகச் சிறந்த காட்சியாக இருந்தாலும், அன்றைக்கே வெட்டி எடுத்துவிடுங்கள்.